இளம் குவாட்டர்பேக்கை எடைபோடுவது எப்படி? ஜாஷ் ஆலனை முன்வைத்துச் சில கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்துப் பருவம் செப்டம்பரில் தொடங்கும். அக்டோபருக்குள் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஓர் இளைஞனின் எதிர்காலத்துக்கு ரசிகர்கள் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். “இவன் தேறமாட்டான்” என்று ஒரு கட்சி, “பொறுங்கள்” என்று இன்னொரு கட்சி. புதிதாக இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் சாய்வும் இருக்கும். 2018இல் பஃபலோ பில்ஸ் அணி குவாட்டர்பேக் ஜாஷ் ஆலனைத் தேர்ந்தெடுத்தபோது “கையில் பலம் இருக்கிறது, வேறொன்றும் இல்லை” என்று அடித்துச் சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

குவாட்டர்பேக் என்பவர் செய்யும் வேலை என்ன?

தாக்கும் அணியின் ஒவ்வொரு முயற்சியும் அவர் கையில் பந்து வருவதில்தான் தொடங்குகிறது. அவர் பந்தை எறியலாம், பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கலாம், தானே தூக்கிக்கொண்டு ஓடலாம். நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். முடிவெடுக்க அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ இரண்டரை வினாடி. அந்த இரண்டரை வினாடியும் நூற்றிருபது, நூற்றைம்பது கிலோ எடையுள்ள நான்கைந்து பேர் அவரைத் தரையில் சாய்க்க ஓடி வந்துகொண்டிருப்பார்கள்.

உதாரணத்துக்கு ஏன் ஜாஷ் ஆலன்?

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று நாம் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆலன் அதைப் பொய்யாக்கியவர், அதுவும் உண்மையாகவே ஒரு விவசாயியின் மகன். கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில் ஃபயர்பா என்ற சிற்றூர். பருத்தியும் முலாம்பழமும் விளையும் நிலம். பள்ளி முடித்தபோது எந்தப் பெரிய கல்லூரியும் அவரை அழைக்கவில்லை. பக்கத்து ஊரில் ரீட்லி என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடிவிட்டு, தான் ஆடிய காட்சிகளை இணைத்து நாடெங்கும் உள்ள பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். கடைசியில் கதவைத் திறந்தது வயோமிங் பல்கலைக்கழகம்.

அங்கும் எண்கள் சுமார்தான். 2017இல் எறிந்த பந்துகளில் 56.3 சதவீதமே சக வீரர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், முதல் சுற்றில் எடுக்கத் தகுந்த எண் அல்ல அது. ஆனாலும் பஃபலோ 12ஆம் இடத்திலிருந்து 7ஆம் இடத்துக்கு விலை கொடுத்து ஏறி அவரை எடுத்தது. அந்த ஊரின் நிலையையும் சொல்ல வேண்டும். 1990 முதல் 1993 வரை நான்கு பருவங்கள் தொடர்ந்து சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டிக்குப் போய் நான்கிலும் தோற்ற அணி அது. பிறகு 1999க்கும் 2017க்கும் இடையே பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றின் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஜிம் கெல்லி 1996 பருவத்தோடு ஓய்வு பெற்றபின் வந்த குவாட்டர்பேக் ஒவ்வொருவரையும் அவர்தான் மீட்பர் என்று நம்பி, சூடு கண்ட பூனையான ரசிகர்கள். ஆலன் மேல் அவர்கள் காட்டிய சந்தேகமும் பிறகு பொழிந்த பாசமும் ஒரே காயத்திலிருந்து வந்தவை.

முதல் ஆண்டு எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கொஞ்சம்தான். ஆலனின் முதல் மூன்று ஆண்டுகளைப் பாருங்கள். 2018இல் 52.8 சதவீதம், 10 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி எடுப்பது), எதிரணி பிடித்துக்கொண்ட பந்து 12. 2019இல் 58.8 சதவீதம், 20 டச்டவுன், 9 பறிகொடுப்பு. 2020இல் 69.2 சதவீதம், 37 டச்டவுன், 4,544 கெஜம். இரண்டே ஆண்டில் பதினாறு புள்ளிக்கு மேல் ஏற்றம். இப்படி நடக்கும் என்று 2018 டிசம்பரில் யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

முதல் ஆண்டில் அவரைச் சுற்றி இருந்த அணியையும் பார்க்க வேண்டும். பருவத்தின் முதல் ஆட்டத்தில் பில்ஸ் பால்டிமோரிடம் 47–3 என்று தோற்றது. அன்று தொடங்கியவர் நேதன் பீட்டர்மன். அவரை வெளியே எடுத்துவிட்டுத்தான் ஆலனை உள்ளே அனுப்பினார்கள். அக்டோபரில் முழங்கையில் காயம், நான்கு ஆட்டம் வெளியே. அந்த இடைவெளியில் ஓரத்தில் நின்று மூத்த வீரர் டெரிக் ஆண்டர்சன் எப்படி வாரத்தைத் திட்டமிடுகிறார் என்று பார்த்தார். திரும்பி வந்த ஆலன் முன்பைவிட நிதானமாகத் தெரிந்தார். எண்ணில் அது பெரிதாகத் தெரியவில்லை, திரையில் தெரிந்தது.

எறிதலில் துல்லியம் பிறவியில் வருவது, கற்றுக்கொடுக்க முடியாது என்கிறார்களே?

அப்படித்தான் பெரும்பாலோர் நம்பினார்கள். காரணம் இல்லாமலும் இல்லை. கல்லூரியில் பந்தைத் தவறவிட்டவர்கள் பெரும்பாலும் தொழில்முறை ஆட்டத்திலும் தவறவிட்டார்கள். ஆலன் விஷயத்தில் கவனிக்கப்படாமல் போனது, அவருடைய தவறுகளின் வேர் கையில் அல்ல, காலில் இருந்தது என்பது. எப்படி நின்றாலும் அறுபது கெஜம் எறியக்கூடிய கை உள்ளவனுக்குச் சரியாக நிற்க வேண்டிய அவசியம் பள்ளியிலும் வரவில்லை, கல்லூரியிலும் வரவில்லை. கிணற்றில் நீர் இறைப்பவர் வெறும் கையால் கயிற்றை இழுத்தால் சீக்கிரம் ஓய்ந்துபோவார், இடுப்பும் சேர வேண்டும். பந்து எறிவதும் அப்படித்தான்: பாதம் ஊன்றி, இடுப்பு திரும்பி, தோள் தொடர்ந்து, கடைசியில்தான் கை. முன்னாள் வீரர் ஜோர்டன் பாமருடன் விடுமுறைக் காலங்களில் கலிபோர்னியாவில் அவர் உழைத்தது இந்த வரிசைக்காகத்தான்.

இன்னொன்று, துல்லியம் என்று நாம் சொல்வதில் பாதி, எதை எறிகிறார் என்பது. முப்பது கெஜம் தள்ளி இரண்டு பேருக்கு நடுவே ஓடுபவருக்கு எறிந்தால் பாதி தவறும். ஐந்து கெஜத்தில் தனியாக நிற்பவருக்குக் கொடுத்தால் பத்தில் ஒன்பது சேரும். ஆலன் அந்தச் சின்னப் பந்தை எறியப் பழகியபோது சதவீதம் தானாகவே ஏறியது.

அப்படியானால் ஆட்டம் பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பந்தைப் பார்க்காதீர்கள். நம் கண் பந்தோடு ஓடும், அதைக் கட்டிப்போடுவதுதான் சிரமம்.

முதலில், பந்து கைக்கு வருவதற்கு முன்னால் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அடுத்த முயற்சியைத் தொடங்க நாற்பது வினாடி. அவருடைய தலைக்கவசத்துக்குள் பயிற்சியாளரின் குரல் கேட்கும். கடிகாரம் பதினைந்து வினாடியைத் தொட்டதும் அந்தக் குரல் அறுந்துவிடும். அதன்பின் அவர் தனி. எதிரணியின் கடைசி வரிசையில் ஒருவர் நிற்கிறாரா, இருவர் நிற்கிறார்களா, யார் பாய வருவதுபோல் பாவனை செய்கிறார் என்று படித்து, தேவையென்றால் கத்திக் கை காட்டி ஆட்டத்தை மாற்ற வேண்டும். புதியவர் பெரும்பாலும் சொன்னதை அப்படியே ஆடுவார். மூன்றாம் ஆண்டுக்காரர் விரலை நீட்டி யாரையோ நகரச் சொல்லத் தொடங்கினால் உள்ளே ஏதோ விளைகிறது என்று பொருள்.

அடுத்தது, முதலில் பார்த்தவர் கிடைக்காதபோது கால் என்ன செய்கிறது என்பது. பதறுபவரின் பாதம் உடனே ஓடத் துடிக்கும். தேறியவரின் பாதம் அடுத்த ஆளை நோக்கிச் சிறிதாகத் திரும்பும்.

மூன்றாவதுதான் என் கணக்கில் எல்லாவற்றையும்விட முக்கியம். ஒன்றும் அமையாத முயற்சியை அவர் எப்படிச் சாக விடுகிறார்? பந்தைக் கோட்டுக்கு வெளியே எறிந்துவிட்டு “அடுத்தது பார்க்கலாம்” என்று நகர்கிறாரா, அல்லது இல்லாத அற்புதத்தைத் தேடுகிறாரா?

2020 ஜனவரி 4, ஹியூஸ்டன். ஆலனின் முதல் பிளேஆஃப் ஆட்டம். முதல் காற்பகுதியில் சக வீரர் ஜான் பிரவுன் எறிந்த பந்தை ஆலனே பிடித்து டச்டவுன் எடுத்தார். மூன்றாம் காற்பகுதியில் 16–0 முன்னிலை. பிறகு எல்லாம் கைநழுவியது, ஹியூஸ்டன் 19 புள்ளி சேர்த்தது. கடைசிக் கட்டத்தில் ஆலன் பந்தோடு ஓடி நல்ல தூரம் போனார். ஆட்கள் சூழ்ந்துவிட்டார்கள். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு விழுந்திருந்தால் போதும். அவரோ அருகே வந்த டாசன் நாக்ஸை நோக்கி அதைத் தூக்கிப் போட்டார். நாக்ஸ் அதை எதிர்பார்க்கவே இல்லை. பந்து எதிரணி கைக்குப் போகாதது அதிர்ஷ்டம். கூடுதல் நேரத்தில் 22–19 என்று தோற்றார்கள். அன்று அவர் எறிந்தது 46, சேர்ந்தது 24, ஓடியது 92 கெஜம். எண்ணை மட்டும் பார்ப்பவர் “பரவாயில்லை” என்பார். அந்த ஒரு வீச்சைப் பார்த்தவருக்கு, எல்லாவற்றையும் தானே தூக்கிச் சுமக்கத் துடிக்கும் 23 வயதுப் பையன் தெரிந்தான்.

ஓடுகிற குவாட்டர்பேக் நல்லவரா?

ஓடத் தெரிந்தவர் நல்லவர். ஓடுவதைத் தவிர வேறு தெரியாதவர் காயத்துக்குக் காத்திருப்பவர். முதல் ஆண்டில் ஆலன் 631 கெஜம் ஓடினார். பாதி, என்ன செய்வதென்று தெரியாமல் ஓடியது என்பது என் எண்ணம்.

பந்தைப் பிடிக்கும் நல்ல ரிசீவர் வந்ததால்தானே 2020இல் முன்னேறினார்?

ஸ்டெஃபான் டிக்ஸைச் சொல்கிறீர்கள். 2020 மார்ச்சில் மினசோட்டாவிடமிருந்து முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்து அவரை வாங்கினார்கள். அந்தப் பருவத்தில் அவர் 127 பந்து பிடித்து 1,535 கெஜம் சேர்த்தார், இரண்டிலும் லீகிலேயே முதலிடம். பங்கு இல்லை என்று யார் சொல்ல முடியும்? 2019இலேயே ஜான் பிரவுன், கோல் பீஸ்லி, முன்வரிசை நடுவில் மிட்ச் மோர்ஸ் என்று ஆட்களைச் சேர்த்திருந்தார்கள். நான்கு பருவமும் பிரையன் டேபல் என்ற ஒரே தாக்குதல் பயிற்சியாளர். இளைஞனை எடைபோடும்போது கூடவே அவனை வைத்திருக்கும் வீட்டையும் எடைபோட வேண்டும். ஆண்டுக்கொரு பயிற்சியாளரை மாற்றும் அணியில் பையன் தேறவில்லை என்றால் குற்றம் யாருடையது?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2024 ஏப்ரலில் டிக்ஸை ஹியூஸ்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். மோர்ஸ் போனார், தற்காப்பு அணியின் மூத்தவர்கள் பலர் போனார்கள். சரிவு வரும் என்று ஊரே சொன்னது. அந்தப் பருவத்தில் எந்த ரிசீவரும் ஆயிரம் கெஜம் தொடவில்லை, கலீல் ஷகீர் 821 கெஜத்தோடு முதலிடம். “எல்லோரும் சாப்பிடுவோம்” என்பது அவர்கள் சொல்லிக்கொண்ட மந்திரம். பந்தியில் யாருக்கு இலை போட்டாலும் பரிமாறுபவர் ஒருவரே. 13 வெற்றி, ஆலன் பறிகொடுத்த பந்து வெறும் 6, லீகின் மிகச் சிறந்த வீரர் விருதும் அவருக்கு.

முன்னேற்றம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போக வேண்டாமா?

போகாது. 2022இல் ஆலன் 14 பந்து பறிகொடுத்தார், 2023இல் 18. அந்த 2023 பருவத்தின் முதல் ஆட்டம் நியூயார்க் ஜெட்ஸுடன். எதிரணியின் நட்சத்திர குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் தன் நான்காவது முயற்சியிலேயே காயப்பட்டு வெளியேறிவிட்டார். வெற்றி தட்டில் வைத்துக் கொடுக்கப்பட்டதுபோல் இருந்தது. ஆலன் மூன்று பந்தை எதிரணி கையில் எறிந்தார், ஒன்றைக் கீழே விட்டார். 22–16 தோல்வி. ஹியூஸ்டனில் பார்த்த அதே பையன், ஐந்து பருவ அனுபவத்துக்குப் பின்னும் எட்டிப் பார்த்தான். நவம்பரில் தாக்குதல் பயிற்சியாளர் கென் டார்சியை நீக்கி ஜோ பிரேடியை அமர்த்தினார்கள். அதன்பிறகுதான் ஆட்டம் அடங்கியது. பழைய குணம் முழுதாகப் போகாது, இடைவெளி கூடும். அதுதான் நாம் எதிர்பார்க்கக்கூடியது.

எத்தனை ஆண்டு பொறுக்கலாம்?

ரசிகரின் பொறுமையை விட ஒப்பந்தத்தின் நாட்காட்டிதான் இதை முடிவுசெய்கிறது. முதல் சுற்று இளைஞருக்கு நான்காண்டு ஒப்பந்தம். ஐந்தாம் ஆண்டுக்கும் வைத்துக்கொள்வதா என்று மூன்றாம் பருவம் முடிந்த வசந்தத்திலேயே அணி சொல்லிவிட வேண்டும். அதாவது மூன்று பருவத்தில் விடை வேண்டும். சம்பளத்துக்கு அணிகளுக்கு உச்சவரம்பு உண்டு. மலிவான ஆண்டுகளில் குவாட்டர்பேக் தேறினால் மிச்சப் பணத்தில் நல்ல ஆட்களைச் சேர்க்கலாம். 2021 ஆகஸ்டில் ஆலனுக்கு ஆறாண்டுக்கு 25.8 கோடி டாலர் நீட்டிப்பு கொடுத்தபோது பஃபலோவின் அந்த மலிவுக் காலம் முடிந்தது.

வெற்றி தோல்விக் கணக்கு போதாதா?

போதாது. 2022 ஜனவரி 23, கான்சஸ் சிட்டி. ஆலன் 37 எறிந்து 27 சேர்த்தார், 329 கெஜம், 4 டச்டவுன், நான்கும் கேப்ரியல் டேவிஸுக்கு. 13 வினாடி மீதமிருக்கும்போது பஃபலோவுக்கு 36–33 முன்னிலை. அந்த 13 வினாடிக்குள் எதிரணி குவாட்டர்பேக் பாட்ரிக் மஹோம்ஸ் இரண்டே வீச்சில் 44 கெஜம் நகர்த்தினார், உதைத்துச் சமன் செய்தார்கள். கூடுதல் நேரத்துக்கான நாணயச் சுண்டலில் கான்சஸ் சிட்டி வென்றது, பந்தை எடுத்தது, டச்டவுன் போட்டது, 42–36. ஆலன் கையில் பந்து திரும்பி வரவே இல்லை. அது அநியாயம் என்று பலருக்கும் பட்டது. பிளேஆஃபில் இரு அணிக்கும் ஒரு வாய்ப்பாவது உண்டு என்று அந்த ஆண்டே விதியை மாற்றினார்கள். ஆனால் ஆலனின் கணக்கில் அது இன்றும் ஒரு தோல்விதான்.

தலைமைப் பண்பை வெளியிலிருந்து எப்படி அறிவது?

முழுதாக அறிய முடியாது, இதைச் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். உடைமாற்றும் அறைக்குள் நாம் இல்லை. தொலைக்காட்சி காட்டும் கத்தலும் மார்தட்டலும் தலைமை அல்ல, அது கேமராவுக்குத் தெரிந்த தலைமை. ஆனால் சில விஷயங்கள் கசியும்.

தவறுக்குப் பின் முகம். மூன்று பந்தைத் தொலைத்த இரவில் ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து முன்வரிசையைக் குறை சொல்கிறாரா? அந்த ஜெட்ஸ் ஆட்டத்துக்குப் பின் ஆலன் பழியைத் தன்மேல்தான் போட்டுக்கொண்டார். இது பெரிய தியாகம் ஒன்றுமில்லை, உண்மையும் அதுதான். ஆனால் அந்த உண்மையைச் சொல்லாதவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, தன்னைக் காக்கும் ஐவரிடம் அவர் நடந்துகொள்ளும் விதம். வீழ்த்தப்பட்டபின், தன் ஆளை விட்டுவிட்ட முன்வரிசைக்காரர் கை நீட்டினால் பற்றி எழுகிறாரா, கையைத் தட்டிவிடுகிறாரா? இதற்கு எண் கிடையாது. பத்து ஆட்டம் பார்த்தால் தெரிந்துவிடும்.

பழைய தவறுகளும் சேர்த்தி. டிராஃப்டுக்கு முந்தைய இரவில், பள்ளி நாட்களில் ஆலன் போட்ட அருவருப்பான ட்வீட்டுகள் வெளிவந்தன. அவர் மன்னிப்புக் கேட்டார். அன்று அதை நம்பாதவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நம்புவதற்கான காரணத்தை அதன்பின் வந்த ஆண்டுகள்தான் தர முடியும், தந்தன.

2020 நவம்பரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பாட்டி பாட்ரிசியா ஒரு சனிக்கிழமை இறந்தார். மறுநாள் ஞாயிறு ஆலன் களமிறங்கி சியாட்டிலுக்கு எதிராக 415 கெஜம் எறிந்து வென்றார். செய்தி தெரிந்ததும் ரசிகர்கள் ஊரிலுள்ள ஒய்ஷே குழந்தைகள் மருத்துவமனைக்குப் பாட்டியின் பெயரில் பணம் அனுப்பத் தொடங்கினார்கள். பெரும்பாலும் 17 டாலர். அவருடைய சட்டை எண் அது. பதினேழு பதினேழாகச் சேர்ந்து பத்து லட்சம் டாலரைத் தாண்டியது, மருத்துவமனையில் ஒரு பகுதிக்கே பாட்டியின் பெயரை வைத்தார்கள். இதைத் தலைமைக்குச் சான்றாகச் சிலர் காட்டுவார்கள். எனக்கு அது ஊரின் குணத்துக்குச் சான்று. வண்டி நிறுத்துமிடத்தில் மடக்கு மேசைமேல் குதித்து உடைக்கும் அதே கூட்டம்தான் இதையும் செய்தது. ஆனாலும், இரண்டு ஆண்டுக்கு முன் “தேறமாட்டான்” என்ற ஊர் ஒருவனின் பாட்டிக்காகப் பணம் அனுப்புகிறது என்றால், நடுவில் அவன் ஏதோ சரியாகச் செய்திருக்கிறான்.

ஆலனைக் காட்டி, எங்கள் அணிப் பையனுக்கும் பொறுங்கள் என்று சொல்லலாமா?

சொல்லலாம், ஆனால் அவர் விதிவிலக்கு என்பதை மறக்கக் கூடாது. 2018இல் முதல் சுற்றில் ஐந்து குவாட்டர்பேக்குகள். முதலிடத்தில் பேக்கர் மேஃபீல்ட்: கிளீவ்லாண்டில் தொடங்கி, கரோலினா, லாஸ் ஏஞ்சல்ஸ் என்று அலைந்து, டாம்பா பேயில் நிலைத்தார். மூன்றாமிடத்தில் சாம் டார்னல்ட்: ஜெட்ஸில் நொந்து, பல ஊர் மாறி, 2024இல் மினசோட்டாவுடன் 14 ஆட்டம் வென்றார். ஏழில் ஆலன். பத்தில் ஜாஷ் ரோசன்: ஒரே ஆண்டில் அரிசோனா கைவிட்டது, பிறகு எழவே இல்லை. கடைசியாக 32இல் லமார் ஜாக்சன்: இருமுறை மிகச் சிறந்த வீரர். டிராஃப்ட் நாளில் துல்லியமாக எறிபவர் என்று பெயர் வாங்கியிருந்தவர் ரோசன்!

சூப்பர் பவுலை வெல்லாதவரை இவ்வளவு புகழலாமா?

2024 பருவம் வரை அந்தக் குறை உண்மை. நான்கு முறை பிளேஆஃபில் கான்சஸ் சிட்டியிடமே தோற்றிருக்கிறார். 2025 ஜனவரியில் நான்காம் முயற்சியில் அங்குல அளவு தூரத்துக்காகத் தானே முட்டி நுழைந்தார். போதவில்லை என்றார் நடுவர். 32–29. நான் கேட்பது வேறு: தேறினாரா? தேறினார்.

புதிதாகப் பார்ப்பவர் எந்த இரண்டு ஆட்டங்களைப் பார்க்கலாம்?

முதலில், மேலே சொன்ன ஹியூஸ்டன் ஆட்டம். அடுத்து 2022 ஜனவரி 15, நியூ இங்கிலாந்துக்கு எதிராகப் பஃபலோவில். சுமார் மைனஸ் 14 டிகிரி செல்சியஸ் குளிர். கடைசியில் நேரம் கழிக்க மண்டியிட்டதை விட்டுவிட்டால், பந்து கைக்கு வந்த ஏழு முறையும் ஏழு டச்டவுன், 47–17. ஆலன் 25 எறிந்து 21 சேர்த்தார். முதல் டச்டவுனை மட்டும் இரண்டு முறை பாருங்கள். யாரும் கிடைக்காமல் அவர் ஓரத்தை நோக்கி ஓடுகிறார், துரத்துகிறார்கள், எல்லைக்கோட்டுப் பக்கமாகப் பந்தை உயரத் தூக்கிப் போடுகிறார். அதை வெளியே எறிந்துவிடத்தான் முயன்றதாகப் பிறகு சொன்னார். எம்பிப் பிடித்தவர் டாசன் நாக்ஸ்.